ஜாமீன் கையெழுத்தும் நீதிமொழிகளும்

விவிலியத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைதான். இன்னும் சிலர் ஒரு முக்கியமான முடிவு எடுக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு வேதபுத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முடிவு எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பதற்கென்றே அந்தப் புத்தகத்தில் தனியாக ஒரு பகுதி இருக்கும்போது, அதைப் படிக்காமல் விரலை நம்புவானேன் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பகுதிக்கு ஞான நூல்கள் என்று பெயர். யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகியவை அதில் அடங்கும். கத்தோலிக்க அன்பர்களின் திருமறையில் இவற்றோடு சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம் என்னும் இரண்டு நூல்களும் சேரும். நீதிமொழிகளில் கடல் பிளப்பதில்லை. வானத்திலிருந்து நெருப்பு இறங்குவதில்லை. தராசு, எடைக்கல், கடன், அண்டை வீட்டுக்காரன், சோம்பேறி, ஓயாமல் சண்டை போடும் மனைவி, இப்படிப்பட்டவைதாம் வருகின்றன. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் புதிய ஏற்பாடும், 1728க்குள் பழைய ஏற்பாடும் தமிழில் அச்சேறிவிட்டன. ஆக, ஏறக்குறைய 300 ஆண்டுகளாக இந்த நீதிமொழிகள் தமிழிலேயே நம் கையில் இருக்கின்றன.

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். ஆகவே இதை நான் பிரசங்கமாக எழுதவில்லை. ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஞான நூல்கள் என்ன சொல்கின்றன, அது இந்த பெங்களூரில் இன்று எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கலாம். அந்த முடிவு, பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது. வங்கியொன்றின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் தமிழ் வேதபாட வகுப்பும் நடத்துகிறேன். இரண்டு இடத்திலும் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “கூட வேலை செய்பவர் ஜாமீன் கேட்கிறார், போடலாமா?”

இது சின்னக் கேள்வி அல்ல. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். மாதச் சம்பளம் வாங்குகிறவருடைய கையெழுத்துக்குக் கடன் சந்தையில் ஒரு விலை உண்டு. கூட்டுறவுச் சங்கம், வங்கி, ஏலச்சீட்டுக் கம்பெனி என்று எங்கே போனாலும் சம்பளச் சான்றிதழோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கும்படி வாழ்நாளில் ஒரு முறையாவது கேட்கப்படாத சம்பளக்காரர் அபூர்வம்.

வசனங்கள் சொல்வது என்ன?

நீதிமொழிகளில் இது பற்றி 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27 ஆகிய இடங்களில் வருகிறது. 27:13 என்பது 20:16ஐ அப்படியே திரும்பச் சொல்வது. ஒரே விஷயத்தை ஒரு சிறிய நூல் இத்தனை முறை சொல்கிறது என்றால், அந்தக் காலத்திலும் மக்கள் கேட்காமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். எல்லா இடத்திலும் கருத்து ஒன்றே: பிணைப்படாதே. அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் நிச்சயம் துன்பப்படுவான் என்கிறது ஒரு வசனம். அப்படிப்பட்டவனுடைய மேலாடையைத் தயங்காமல் எடுத்துக்கொள் என்று கடன் கொடுத்தவனுக்கே யோசனை சொல்கிறது இன்னொன்று. கொடுக்க வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் உருவிக்கொண்டு போவார்களே, அது எதற்கு என்று கேட்கிறது 22:27.

நாம் பேச்சில் சொல்லும் ‘ஜாமீன்’ அரபு, பாரசீக வழியாக வந்த சொல். கன்னடத்திலும் அதே சொல்தான், ‘ஜாமீனு’. வேதாகமத் தமிழில் ‘பிணை’. பிணைத்தல் என்றால் கட்டுதல். கடன்காரரோடு சேர்த்துத் தன்னையும் கட்டிக்கொள்ளுதல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பழந்தமிழில் பெண் மானுக்கும் பிணை என்று பெயர். 6:5இல் வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோல் இதிலிருந்து தப்பித்துக்கொள் என்று வரும்போது, மூல மொழியில் இல்லாத ஒரு சிலேடை தமிழில் மட்டும் அமைந்துவிடுகிறது. மொழிபெயர்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு.

இவ்வளவு கடுமை ஏன்? அந்தக் காலத்தில் கடன் என்றால் பணம் போவதோடு நிற்கவில்லை, ஆளே போய்விடுவான். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் வந்து அழுகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். பக்கத்து நாடாகிய பாபிலோனில் வெள்ளிக் கடனுக்கு 20 சதவிகிதமும், தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும் வட்டி. கடனுக்காக மனைவி மக்களைக் கொடுத்தால் அவர்கள் மூன்று ஆண்டு வேலை செய்தபின் விடுதலை என்று அம்முராபியின் சட்டத்தில் 117ஆம் விதி இருக்கிறது. மோசேயின் சட்டம் கடனாளிக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுத்தது. அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக் கூடாது. அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆனால் பிணைப்பட்டவனுக்கென்று தனியாக ஒரு சலுகையும் அங்கே எழுதப்படவில்லை. அவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எபிரேயர்கள் மட்டும்தான் இப்படிப் பயந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கிரேக்க நாட்டில் டெல்பி என்ற ஊரில் அப்போலோ கோவிலில் பொறிக்கப்பட்டிருந்த மூன்று புகழ்பெற்ற வாசகங்களில், உன்னை அறிந்துகொள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வாசகம் பிணை கொடுத்தால் கேடு பக்கத்திலேயே இருக்கிறது என்ற பொருளுடையது. ஆத்ம விசாரணைக்குப் பக்கத்திலேயே ஜாமீன் விஷயத்தையும் எழுதிவைத்த அந்தக் கிரேக்கர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

“நான் சும்மா கையெழுத்துதானே போட்டேன், ஒரு பைசா கூட வாங்கவில்லையே!” நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கிக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. ஆண்டுக் கணக்கில் இதே வாக்கியத்தை வெவ்வேறு முகங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடன் வாங்கியவரை முதலில் பிடிப்பார்கள், அவரிடம் ஒன்றும் இல்லையென்றால்தான் தன்னிடம் வருவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அது தவறு.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரின் பொறுப்பும் அவ்வளவே. பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத் என்பவருக்கும் நடந்த வழக்கில் கீழ்க் கோர்ட்டு வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் ஜாமீன்தாரிடம் போ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. கடனாளி பணம் கட்டாவிட்டால் உடனே கட்டுவது ஜாமீன்தாரின் கடமை. கடன் கொடுத்தவர் யாரிடம் முதலில் போக வேண்டும் என்று சொல்ல ஜாமீன்தாருக்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பின் சாரம். நடைமுறையில் வங்கி யாரிடம் முதலில் போகும்? எவருடைய விலாசம் மாறவில்லையோ, எவருடைய சம்பளம் ஒழுங்காக வருகிறதோ அவரிடம்தான்.

கோர்ட்டு ஆணைப்படி சம்பளத்தில் கைவைத்தால் எவ்வளவு போகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடன் வழக்கில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 40,000 ரூபாய் சம்பளமானால் 27,000 ரூபாய் நமக்கு; 13,000 ரூபாய் வரை மாதாமாதம் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. மோசே போர்வையைக் காப்பாற்றிக் கொடுத்ததுபோல இந்தச் சட்டமும் கொஞ்சம் காப்பாற்றுகிறது. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் உள்ள குடும்பத்துக்கு 24 மாதம் 13,000 ரூபாய் போனால் என்ன மிஞ்சும் என்பது வேறு கணக்கு. அதோடு, நாம் ஜாமீன் போட்ட கடன் நம்முடைய கடன் தகவல் அறிக்கையிலும் ஏறுகிறது. அவர் தவணை தவறினால், நாளைக்கு நம் மகளின் படிப்புக்கு நாம் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஏலச்சீட்டிலும் இதே கதைதான். 1 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்றாம் மாதமே ஏலத்தில் எடுத்துவிடுகிறார். மீதி 17 மாதம் அவர் கட்ட வேண்டிய தொகை, தள்ளுபடியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 85,000 ரூபாய். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு எடுத்தவர் அந்த மீதிக்குப் போதுமான பாதுகாப்புக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு என்பது நாம்தான்.

அப்படியானால் யூதா செய்தது?

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால், “யாருக்கும் போடாதே” என்று முடித்துவிடலாம். வகுப்பில் சிலர் அப்படித்தான் முடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் விவிலியம் அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை.

17ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிணைப்படுகிறவன் புத்தியில்லாதவன் என்று சொல்வது 18ஆம் வசனம். அதற்கு முந்திய 17ஆம் வசனமோ, நண்பன் எக்காலத்திலும் நேசிக்கிறவன், இடுக்கண் வேளைக்கென்றே பிறந்தவன் சகோதரன் என்ற கருத்தைச் சொல்கிறது. தொகுத்தவர் தெரிந்தே இரண்டையும் பக்கத்தில் வைத்தார் என்று நான் நினைக்கிறேன். நண்பனின் இடுக்கணில் நிற்க வேண்டும், ஆனால் நிற்கும் வழி பிணை அல்ல என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆனால் ஆதியாகமத்தில் யூதா பிணைப்பட்டான். பஞ்ச காலத்தில் எகிப்துக்குத் தானியம் வாங்கப் போன சகோதரர்கள், அடுத்த முறை கடைசித் தம்பி பென்யமீனையும் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். தகப்பன் யாக்கோபு விட மறுக்கிறார். முதலில் மூத்தவன் ரூபன் பேசுகிறான்: பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுபோடுங்கள் என்கிறான் (42:37). யாக்கோபு அதை ஏற்கவில்லை. பேரப்பிள்ளைகளைக் கொல்வதால் எந்தத் தாத்தாவுக்கு ஆறுதல் வரும்? பிறகு யூதா வருகிறான்: அவனுக்கு நானே பிணை, என் கையில் கேளுங்கள் என்கிறான் (43:9). யாக்கோபு சம்மதிக்கிறார். எகிப்தில் பென்யமீன் மாட்டிக்கொண்டபோது யூதா சொன்னபடியே முன்வந்து, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று நிற்கிறான் (44:33).

இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ரூபன் பிள்ளைகளை ஈடாக வைத்தான். யூதா தன்னை வைத்தான். மனைவிக்குச் சொல்லாமல், அவள் நகையும் பிள்ளைகளின் படிப்பும் போகக்கூடிய ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிற நல்ல மனசுக்காரர் ரூபனைப் போன்றவர். அவர் தன்னுடையது என்று நினைத்துக் கொடுப்பது அவருடையது மட்டும் அல்ல. நான் பார்த்த வரையில் ஜாமீன் நோட்டீஸ் வந்த வீடுகளில், பணம் போனதைவிட, “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்விதான் நெடுநாள் நின்றது.

பவுலும் பிணைப்பட்டார். எஜமானை விட்டுப் போன ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்பும்போது, பிலேமோனுக்கு 25 வசனமே உள்ள ஒரு சிறு கடிதம் எழுதுகிறார். அவன் உமக்கு ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுதும், நானே கொடுத்துத் தீர்ப்பேன் என்று தன் கைப்படவே எழுதுகிறார் (18-19). புரோநோட்டுக்கு ரொம்பவும் பக்கத்தில் வந்துவிட்ட வாசகம் அது. ஆனால் அந்தப் பாக்கி ஏற்கெனவே ஏற்பட்டது. இனிமேல் வளரப்போவது அல்ல. இன்று மாதாமாதம் ஏறி இறங்கும் ஓவர்டிராப்ட் கணக்குக்குத் தொடர் ஜாமீன் போடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

சீராக்கும் திருவள்ளுவரும்

கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் வாழ்ந்த சீராக் என்ற ஆசிரியர் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறார். 29ஆம் அதிகாரத்தில், நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்றே ஆரம்பிக்கிறார். பிணை நின்றவனின் உதவியை மறக்காதே, அவன் உனக்காகத் தன்னையே கொடுத்தான் என்று கடன் வாங்கியவனுக்கும் புத்தி சொல்கிறார். உடனே, செல்வாக்காய் இருந்த பலரைப் பிணை கடல் அலைபோல் தூக்கி எறிந்திருக்கிறது என்றும் எச்சரிக்கிறார். முடிவில், உன்னால் இயன்ற அளவு உதவு, ஆனால் நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்கிறார். 8:13இல் இன்னும் தெளிவு: உன் சக்திக்கு மீறிப் பிணை நிற்காதே, நின்றுவிட்டால் அதைக் கட்ட வேண்டியவன் நீதான் என்றே எண்ணிக்கொள்.

புராட்டஸ்டண்டு சபையாராகிய நாங்கள் சீராக்கை வேத நூல் வரிசையில் வைப்பதில்லை. ஆனாலும் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் இவ்வளவு நிதானமான வாசகத்தை நான் வேறெங்கும் படிக்கவில்லை.

வேறெங்கும் என்றேன், திருக்குறளைத் தவிர. 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்ட சிலைக்குரியவரும் இதே இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறார். ஒப்புரவறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (220), ஒப்புரவால் ஒருவனுக்குக் கேடு வரும் என்றால், தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். வலியறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (480), தன்னிடம் உள்ளதன் அளவைச் சீர்தூக்கிப் பாராமல் ஒப்புரவு செய்தால் செல்வத்தின் அளவு சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார். முரண்பாடு போலத் தோன்றும். முதலாவது அறத்துப்பாலில், கொடுக்கிறவனின் மனத்தைப் பற்றியது. இரண்டாவது பொருட்பாலில், அவன் இருப்பைப் பற்றியது. யூதாவின் மனமும் வேண்டும், நீதிமொழிகளின் கணக்கும் வேண்டும்.

நடைமுறையில்

ஆகவே வகுப்பில் நான் சொல்லும் வழி சீராக் சொன்னதுதான். ஜாமீன் தாளைக் கையில் வாங்கியதும், அதில் ‘ஜாமீன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘கொடை’ என்று எழுதியிருப்பதாகப் படித்துப் பாருங்கள். இந்த முழுத் தொகையையும் இவருக்கு நான் திரும்பக் கேளாமல் கொடுப்பேனா, கொடுத்தால் என் வீடு நிற்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் போடுங்கள். உடன்பிறந்தவருக்கும் பெற்ற பிள்ளைக்கும் இந்தப் பதில் பெரும்பாலும் ஆம் என்றே வரும், வரவும் வேண்டும். நேற்றுப் பழகிய சக ஊழியருக்கு வராது.

தொகை எவ்வளவு என்று ரூபாயில் கணக்குப் போட வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28இல் இயேசு சொல்வது இதற்கும் பொருந்தும். 3 லட்ச ரூபாய்க் கடன், 12 சதவிகித வட்டி, 60 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 6,673 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்திவிட்டால், பாக்கி அசல் சுமார் 2,53,400 ரூபாய். ஓராண்டில் 80,000 ரூபாய் கட்டியிருந்தும் அசலில் 47,000 ரூபாய்கூடக் குறையவில்லை. இதன்மேல் தாமத வட்டி, வக்கீல் செலவு. கையெழுத்துப் போடுகிறவர்களில் இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் மிகவும் குறைவு.

இன்னொன்று, ஐந்தாண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது, இன்றைய சம்பளத்தை வைத்து ஐந்தாண்டுக்கு வாக்குக் கொடுக்கிறோம். நாளைய தினத்தைக் குறித்துப் பெருமை பேசாதே என்கிறது நீதிமொழிகள் 27:1. பெங்களூர்த் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்மவர்கள் இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்கள் 28.2.2001 அன்று மூடப்பட்டன. நாடே கையில் கட்டிக்கொண்டிருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. நிரந்தர வேலை என்று நினைத்து ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொண்டவர்கள் வேலை போகும்போது சேர்ந்தே இழக்கிறார்கள். கடன் வாங்கியவரும் ஜாமீன்தாரும் ஒரே தொழிற்சாலையில் இருப்பது, கடன் கொடுப்பவருக்குக்கூட நல்ல பாதுகாப்பு அல்ல.

மறுப்பது எப்படி என்பதுதான் நம் ஊரில் கஷ்டம். ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று சொல்லியே பழகிவிட்ட நகரம் இது. “அண்ணே, உங்களை நம்பித்தான் வந்தேன்” என்று தம்பி முறையில் ஒருவர் கேட்கும்போது நாக்கு எழும்பாது. சிலர் “பார்க்கலாம்”, “அடுத்த வாரம் வா” என்று இழுத்தடிப்பார்கள். நீதிமொழிகள் 3:27-28 அதைத்தான் கண்டிக்கிறது: கொடுக்கக்கூடியது கையில் இருக்கும்போது, போய் நாளைக்கு வா என்று சொல்லாதே. ஆகவே மறுக்கிற நாளிலேயே வேறு ஏதாவது கொடுங்கள். “தம்பி, ஜாமீன் என்னால் முடியாது, வீட்டில் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். ஆனால் இந்த 10,000 ரூபாயை வைத்துக்கொள், திரும்பத் தர வேண்டாம்” என்று சொல்ல முடியுமானால், 3 லட்ச ரூபாய்க்குப் பிணைப்படுவதைவிட அது உண்மையான உதவி. அந்த நேரத்தில் அவர் முகம் வாடும். வாடட்டும்.

பணம் கொடுக்க முடியாதவர் நேரத்தைக் கொடுக்கலாம். ஜாமீனே தேவைப்படாத வழிகளைப் பலர் விசாரிப்பதில்லை. வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்ச ரூபாய் வரை வெளியாள் ஜாமீன் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர்ந்தால் போதும். சிறு தொழில்களுக்குப் பிணையம் இல்லாமல் கடன் தர 2015இல் முத்ரா திட்டமும், தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020இல் ஸ்வநிதி திட்டமும் வந்தன. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கேட்டவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், படிவம் நிரப்பிக் கொடுங்கள். நண்பனின் இடுக்கணில் நிற்பது என்று 17:17 சொல்வதில் இதுவும் சேரும்.

ஏற்கெனவே போட்டவர்களுக்கு

6:1-5 எழுதப்பட்டது இவர்களுக்குத்தான். உன் வாய்ச்சொல்லால் வலையில் சிக்கிவிட்டாய். மானத்தைப் பார்க்காமல் உடனே போ, நண்பனை நெருக்கு, கண்ணுக்குத் தூக்கம் கொடுக்காதே என்பது அதன் கருத்து. நம்மவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு ஜெபம் செய்வார்கள். ஜெபம் செய்யுங்கள், அன்றைக்கே நோட்டீசையும் பிரியுங்கள்.

முதலில் கடன் வாங்கியவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். போனில் பேசினால் போதாது. பிறகு வங்கிக்குப் போய், பாக்கி எவ்வளவு என்று கணக்கு அறிக்கையும், நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகலும் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரே தடவை கொடுத்து முடிந்த கடனாக இல்லாமல், ஓவர்டிராப்ட் போன்ற தொடர் ஜாமீனாக இருந்தால், இனிமேல் எடுக்கப்படும் தொகைகளுக்கு நான் பொறுப்பில்லை என்று 130ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்கலாம். அதுவரை ஏறிய பாக்கி போகாது. உங்கள் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்திய நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்கிறது 133ஆம் பிரிவு. ஆனால் பல வங்கிப் படிவங்களில் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். நகலைப் படிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கட்டியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், கூட ஜாமீன் போட்ட மற்றவரையும் அழைத்துப் பேசுங்கள். இருவரும் சமமாகப் பங்கு கொடுக்க வேண்டியவர்கள் என்பது 146ஆம் பிரிவு. முழுவதும் கட்டித் தீர்த்தபின், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் 140ஆம் பிரிவின்படி உங்களுக்கு வருகின்றன; அவர் கையிலிருந்த ஈடு ஏதாவது இருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம். கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை 145ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தவணையையும் உங்கள் கணக்கிலிருந்து காசோலையாகவே கட்டி, ஜாமீன்தார் என்ற முறையில் கட்டியதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவர் பெயரில் ரொக்கமாகக் கட்டிவிட்டால், பின்னால் கட்டியது யார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும்.